குறை எதுவும் காணப்படவில்லை

காலை ஏழரைக்கே ஷோரூமில் ஏசியைப் போட்டுவிட்டார்கள். ஜப்பானிலிருந்து வருகிறவருக்கு வெக்கை ஆகாது என்று மேனேஜருக்கு யாரோ சொன்னார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பதினொரு மணி நிகழ்ச்சிக்கு ஏழரையிலிருந்து பதினாறு டிகிரி. வரவேற்பு மேஜைப் பெண் சால்வையைக் காது வரைக்கும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் உள்ளே வந்து ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு வெளியவே தேவல" என்று திரும்பிப் போய்விட்டார்.

பத்தக்காவுக்கு எரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

பத்தக்கா என்பது அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. ஒர்க்‌ஷாப் பையன்கள் வைத்தது. பதினொரு வருஷமாக அந்த ஷோரூமின் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்து, வண்டியைத் திருப்பி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் கெஞ்சுகிற ஒரே விஷயம் பத்து. சர்வீஸ் முடிந்ததும் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வரும். வண்டி எப்படி, சர்வீஸ் எப்படி, உட்காரச் சொன்னார்களா, தண்ணீர் கொடுத்தார்களா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். இதில் ஒரு கோளாறு என்னவென்றால், கம்பெனி கணக்கில் பத்து மட்டும்தான் பாஸ். ஒன்பதும் ஃபெயில், பூஜ்யமும் ஃபெயில். எந்த மகாராசன் உட்கார்ந்து யோசித்தானோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் தொண்ணூறு வாங்கினால் கை தட்டுவார்கள். இங்கே தொண்ணூறு வாங்கினால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

அதனால் அவள் கெஞ்சினாள். "சார், ஒம்பது போட்டா நான் ஃபெயில் சார். குறை ஏதாவது இருந்தா பேப்பர்ல எழுதாதீங்க. என்கிட்ட வாயால சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர்களும் நல்ல மனிதர்கள். வாயால் சொல்லிவிட்டு, பேப்பரில் பத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பதினொரு வருஷம், ஒரு படிவம் விடாமல், எல்லாக் கட்டத்திலும் பத்து. மேனேஜர் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கேடயம். இப்போது கம்பெனிக்கு எழுபத்தைந்தாவது வருஷம். வரலாற்றுப் புத்தகம் ஒன்று போடுகிறார்களாம். அதில் சேர்ப்பதற்காக வண்டி வைத்திருப்பவர்களின் அபிப்பிராயத்தை நேரில் கேட்டு எழுத, ஜப்பானிலிருந்து வரலாற்றுப் பிரிவுக்காரர் ஒருவர் வருகிறார். எந்த ஷோரூமுக்கு? எல்லாக் கட்டத்திலும் பத்து வாங்கிய ஷோரூமுக்கு.

கூடத்தின் நடுவில் ஒரு சாய்வு மேடை. புது மாடல் வந்தால் மூக்கைத் தூக்கி வைத்து அழகு காட்டுகிற மேடை. இன்றைக்கு அதன் மேல் ஒரு பழைய வண்டி நின்றது. நாலு வருஷம் ஓடிய வெள்ளை வண்டி. மெழுகு போட்டுத் துடைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, டிக்கிக்குள் ஒரு பூங்கொத்தும் வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு பலகை: 'ஒரு குறையும் இல்லாத நான்கு ஆண்டுகள்.'

அது அவளுடைய தங்கையின் வண்டி.

"சார், வேற வண்டியே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று அவள் நேற்றே கேட்டுவிட்டாள்.

"ஒர்க்‌ஷாப்ல சும்மாதானே மேடம் நிக்குது. நாலு வருஷமா பத்துக்குப் பத்து. ரெக்கார்டு பாத்துட்டுத்தான் எடுத்தேன்" என்றார் மேனேஜர். அவளைவிடப் பத்து வயது சின்னவர். வேலை வாங்கும்போது மேடம், மாட்டிக்கொள்ளும்போது அக்கா. "அதுல எதுவும் இல்லன்னு ஃபோர்மேனே எழுதிக் குடுத்திருக்காரு."

ஆமாம், எழுதிக் கொடுத்திருந்தார். போன மாதம் ஒரு விடியற்காலையில், கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போன தங்கை, மண்டபத்து வாசல் மேட்டில் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, விளக்குப் பெட்டியை எடுக்கக் குனிந்தாள். தூக்கி நின்ற கதவு தானாக இறங்கி வலது தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது. கேமரா பிடிக்கிற கை. இரண்டு மாதத்துக்கு ஒரு தம்ளர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் அந்தக் கதவை நாற்பது தடவை திறந்து மூடிப் பார்த்தார். தகரக் கூரைக்குக் கீழே, சமதளத்தில், நட்ட நடு மத்தியானத்தில். கதவு சாது மாதிரி நின்றது. ஜாப் கார்டில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தக்கா அதோடு விடவில்லை. கதவைத் தாங்கும் இரண்டு கேஸ் ராடையும் மாற்றித் தர வேண்டும், இந்த மாடல் வாங்கிய எல்லாருக்கும் மாற்ற வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது: உங்கள் வாடிக்கையாளர்கள் யாரும் இந்தக் குறையைத் தெரிவித்ததாகப் பதிவு இல்லை, உங்கள் ஷோரூமின் மதிப்பெண் பத்து, வாழ்த்துகள்.

வாழ்த்துகளாம். அந்தக் கடிதத்தைச் சுக்கு நூறாகக் கிழித்துப் போடலாம் என்றிருந்தது. ஆனால் யாரைக் கிழிப்பது? தங்கைக்கு முன்னால் பதின்மூன்று பேர் அதே கதவைப் பற்றி அவளிடம் வாயால் சொல்லியிருந்தார்கள். பதின்மூன்று பேரிடமும் அவள் பாத்துக்கறேன் என்றிருந்தாள். கீலுக்கு எண்ணெய் விட்டு அனுப்பியிருந்தாள். தங்கையும் எலும்பு முறிவதற்கு முன் இரண்டு தடவை சொன்னாள். "அக்கா, டிக்கிக் கதவு இறங்குது, ஒரு மாதிரி பயமா இருக்கு." அதற்கு அவள் சொன்ன பதில் அவளுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. "பாத்துக்கலாம்டி. நீ மொதல்ல பத்துப் போடு."

அந்த ஆஸ்பத்திரி நாளிலிருந்து தங்கை அவளோடு பேசவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவளை அவள்தான் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டாள். தலை வாரிவிட்டாள், சோறு பிசைந்து கொடுத்தாள். தங்கை சாப்பிட்டாள், தூங்கினாள். பேச்சு மட்டும் இல்லை.

"இந்த ஃபங்ஷன் முடியட்டும் மேடம். அப்புறம் நானே லெட்டர் எழுதறேன்" என்றார் மேனேஜர். ஒரு மாதமாக இதே பாட்டுதான். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் பதினொரு வருஷத்துப் பத்தும் கள்ளப் பத்து என்று ஆகிவிடும். அவள் வேலை போகும். சொல்லாவிட்டால், ஏதோ ஒரு காலையில் பதினைந்தாவது ஆளின் தலையில் அந்தக் கதவு விழும். அது ஒரு குழந்தையின் தலையாகக்கூட இருக்கலாம் என்று தினமும் நினைத்தாள். நினைத்துவிட்டு, மறுநாளும் கவுண்டரில் உட்கார்ந்து இன்னொருவரிடம் பத்துக் கேட்டாள். அதுதான் அவளுக்குத் தன் மேலேயே வந்த கடுப்பு.

பதினொரு மணிக்கு ஜப்பான்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அரைக்கைச் சட்டை. உள்ளே கால் வைத்ததும் மூன்று தும்மல் போட்டார்.

கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சின்னப் பெண். ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும் என்று யாரோ கண்டித்து அனுப்பியிருப்பார்கள் போல. "தும்மினதுக்கு மன்னிப்புக் கேக்கறார். அவருக்கு நேத்துலேர்ந்து ஜலதோஷமாம். குளிர் ஒத்துக்காதாம்."

"ஏசியக் கூட்டவா சார்?" என்றார் மேனேஜர் பதறிப் போய். பத்தக்கா தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி.

பிறகு மேனேஜர் கம்பெனி வரலாறு சொன்னார். ஜப்பான்காரருக்கே ஜப்பான் கம்பெனியின் வரலாறு. ஒவ்வொரு விழாவிலும் சொல்கிற அதே பேச்சு, அதே இடத்தில் அதே தழுதழுப்பு. நிறுவனர் முதலில் தையல் மெஷினுக்குக் கால் மிதி செய்துகொண்டிருந்தார். யுத்தம் முடிந்ததும் மூன்று சக்கரச் சாமான் வண்டி. பிறகு முதல் கார். முதல் காரை வாங்கிய நூறு பேர் வீட்டுக்கும் அவரே நேரில் போய், வாசலில் உட்கார்ந்து, மூன்று குறை சொன்னால்தான் எழுந்திருப்பேன் என்று அடம் பிடித்தார். "அந்த நூறு வீட்டு வாசல்லதான் சார் நம்ம கம்பெனி பிறந்தது!" என்று மேனேஜர் முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். குறை கேட்ட மனிதனின் கதையை, குறையே இல்லை என்று காட்டுவதற்காகச் சொல்கிற வித்தை மேனேஜர் ஒருவருக்குத்தான் வரும்.

ஜப்பான்காரர் தட்டவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். பெரிய தடி நோட்டு.

"இந்தப் பயணத்துல இது ஒம்பதாவது ஷோரூம்னு சொல்றார்" என்றாள் மொழிபெயர்ப்பாளர். "எட்டு இடத்துல கேட்டாச்சாம். நோட்டு காலியா இருக்காம். இன்னிக்காவது யாராவது ஒரு குறை சொல்லுங்கன்னு கேக்கறார்."

மேனேஜர் சிரித்தார். "சார் தமாஷ் பண்றாரு."

"இல்ல. தமாஷ் இல்லன்னு சொல்றார்."

வரவழைத்திருந்த வாடிக்கையாளர்களில் முதலில் ஒரு பல் டாக்டர் எழுந்தார். "வண்டின்னா இதான் சார் வண்டி. குறைன்னு மருந்துக்குக்கூடக் கிடையாது. பத்து." சொல்லிவிட்டு, ஒப்பித்து முடித்த பிள்ளை டீச்சரைப் பார்க்கிற மாதிரி பத்தக்காவைப் பார்த்தார். போன வருஷம் இதே டாக்டர் கவுண்டரில் குனிந்து, உச்சந்தலைப் புடைப்பை அவளிடம் தொட்டுப் பார்க்கச் சொன்னவர்.

அடுத்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மாள். "என்கிட்ட படிக்க வர்றவங்களுக்கெல்லாம் இந்த வண்டியத்தான் வாங்கச் சொல்வேன். பத்து." அவர் வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் முதல் பாடமே டிக்கிக் கதவுக்குக் கீழே தலையை நீட்டாதே என்பதுதான்.

மூன்றாவது மருந்துக் கடைக்காரர். டிக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுப்பதற்கென்றே விளக்குமாற்றுக் கட்டை ஒன்றை நிரந்தரமாக வண்டிக்குள் வைத்திருக்கும் மனிதர். அவரும் பத்து. போதாததற்கு, "பத்துக்கு மேல இருந்தா அதையும் போடுவேன்" என்றார்.

ஜப்பான்காரர் பேனாவை மூடிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். அவர் ஏதோ முனகினார். மொழிபெயர்ப்பாளர் அதையும் விடவில்லை. "இதுக்கு வீட்லயே உக்காந்து எழுதியிருக்கலாம்ங்கறார்."

அப்போதுதான் மேனேஜர், "இந்த வண்டியோட ஓனரே வந்திருக்காங்க" என்று முன்வரிசையைக் கை காட்டினார்.

பத்தக்கா திரும்பினாள். முன்வரிசை ஓரத்தில் தங்கை. வலது கை, கழுத்திலிருந்து தொங்கிய துணித் தொட்டிலில். காலையில் அவள் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தவள். தனக்குத் தெரியாமல் மேனேஜரே போன் போட்டு வரவழைத்திருக்கிறார் என்று புரிந்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

தங்கை மெதுவாக எழுந்தாள். ஜப்பான்காரரைப் பார்க்கவில்லை. நேராக அக்காவைப் பார்த்தாள்.

"குறை எதுவும் இல்ல" என்றாள். "பத்து."

ஜப்பான்காரர் தொட்டிலைக் காட்டி ஏதோ கேட்டார்.

"கைக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறார்."

"கீழ விழுந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள். பத்தக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஒரு மாதம் பேசாமல் இருந்தவள், முதல் தடவை வாயைத் திறந்ததும் அக்காவின் வேலையைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். முறிந்த எலும்போடு எழுந்து நின்று பத்து என்று சொன்னதை எப்படித் தாங்குவது? தான் பதினொரு வருஷம் மற்றவர்களிடமிருந்து கேட்டு வாங்கியது இதைத்தான் என்று அவளுக்கு அப்போது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவ கீழ விழல" என்றாள் சத்தமாக. "கதவு விழுந்தது."

"மேடம்" என்றார் மேனேஜர்.

"இந்த வண்டிதான். இந்தக் கதவுதான். இவ பதினாலாவது ஆளு. முதல் பதிமூணு பேர்ல மூணு பேர் இப்ப எந்திரிச்சு பத்துன்னு சொன்னாங்க. நான்தான் சொல்லச் சொன்னேன். இன்னிக்கு இல்ல, பதினோரு வருஷமா."

"அக்கா!" என்றார் மேனேஜர்.

அவள் மேடையை நோக்கி நடந்தாள். ரிப்பனை ஒதுக்கி டிக்கியின் பொத்தானை அழுத்திக் கதவைத் தூக்கினாள். கதவு ஏறியது. நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

கதவு அசையவில்லை.

இதைவிட எரிச்சல் உலகத்தில் உண்டா? ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. விழ வேண்டாத நேரத்தில் எல்லாம் விழுந்து எலும்பை முறித்த சனியன், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண் மாதிரி அடக்க ஒடுக்கமாக நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேனேஜரின் முகத்தில் உயிர் திரும்பி வந்தது.

ஜப்பான்காரர் சிரிக்கவில்லை. நோட்டோடு எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார். தும்மினார். கேட்டார்.

"ஒவ்வொருத்தருக்கும் எங்க, எப்போ விழுந்ததுன்னு கேக்கறார்."

அதைத்தான் யாரும் இதுவரை கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள், அவள் ஒவ்வொருவராகச் சமாதானப்படுத்தி அனுப்பினாள். பதினான்கையும் வரிசையாக வைத்துப் பார்க்க அவளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எழுதாதீர்கள் என்று சொன்னவளே அவள்தானே. ஆனால் ஞாபகம் இருந்தது.

"டாக்டருக்கு கார்த்தால, வாக்கிங் போய்ட்டு வந்து தண்ணி பாட்டில் எடுக்கும்போது. பார்க் வாசல்ல ஏத்தமா இருக்கும், அங்க நிறுத்தியிருந்தார்." ஜப்பான்காரர் எழுதினார். "இந்தம்மாவுக்கு மழை விட்ட மறுநாள் காலைல. மேம்பாலத்து ஏத்தத்துல ஓரங்கட்டி ஸ்டெப்னி எடுக்கப் போயிருக்காங்க. மருந்துக் கடைக்காரருக்கு அவர் வீட்டு போர்ட்டிகோலயே. அதுவும் சரிவுதான். பனிக்காலத்துல மட்டும் விழுதுன்னு சொன்னார், நான்கூட..."

அவள் நிறுத்தினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே உறைத்தது. குளிர். ஏற்றம். மூக்கு மேலே, டிக்கி கீழே. குளிரில் ராடுக்குள் இருக்கிற கேஸ் சுருங்கி வலுவிழக்கும், ஏற்றத்தில் கதவின் கனம் கூடும். ஃபோர்மேன் பார்த்ததெல்லாம் தகரக் கூரை வெக்கையில், சமதளத்தில். அவள் கையை நீட்டிக் கதவின் ராடைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. ஏழரையிலிருந்து பதினாறு டிகிரியில் ஊறிய இரும்பு. கீழே பார்த்தாள். மேடையின் சாய்வு.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

மேனேஜர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இத்தனை நேரம் கை பிசைந்துகொண்டு நின்றவருக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. "எதுக்கு சார் தள்ளி நிக்கணும்? மேடம் பாவம், தங்கச்சிக்கு இப்படி ஆயிடுச்சுன்னு டென்ஷன்ல பேசறாங்க. பாருங்க, நானே தலைய வைக்கறேன்." மேடையேறி டிக்கிக்குள் இடுப்பு வரை குனிந்து, பூங்கொத்தைத் தொட்டுக்காட்டி, உள்ளேயிருந்தபடியே குரல் கொடுத்தார். "எங்க விழுது? எங்க சார் விழுது?"

"சார், வெளிய வாங்க."

"விழட்டும் மேடம், பாக்கலாம்!"

கதவு இறங்குவதற்கு முன் ராடிலிருந்து வந்த சத்தம் பத்தக்காவுக்குக் கேட்கவில்லை. அவள் அதை முன்னே பின்னே கேட்டதில்லை. கேட்டவள் முன்வரிசையில் இருந்தாள்.

"அக்கா! உஸ்ஸுங்குது!" என்று தங்கை கத்தினாள். "இழு!"

பத்தக்கா மேனேஜரின் பெல்ட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இருவரும் மேடைக்குக் கீழே உருண்டார்கள். கதவு இறங்கியது. அவசரமே இல்லாமல் ஆரம்பித்து, பாதிக்கு மேல் மொத்த கனத்தோடு வந்து அறைந்தது. கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. பூங்கொத்தின் தண்டுகள் கதவிடுக்கில் மாட்டி நசுங்கித் தொங்கின.

மேனேஜர் தரையில் உட்கார்ந்தபடி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கழுத்து இருந்தது.

"அக்கா" என்றார். "இத ஏன்க்கா நீங்க முதல்லயே சொல்லல?"

அவளுக்கு வந்த கோபத்துக்கு இழுத்த மனிதரைத் திரும்ப உள்ளே தள்ளிவிடலாம் போலிருந்தது.

அப்புறம் அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. பல் டாக்டர் எழுந்து உச்சந்தலையைக் காட்டினார். மருந்துக் கடைக்காரர் விளக்குமாற்றுக் கட்டையைக் கொண்டுவந்து காட்டுவதற்காகப் பார்க்கிங்குக்கு ஓடினார். டிரைவிங் ஸ்கூல் அம்மாள், கதவு கிடக்கட்டும், மூன்றாவது கியர் விழுகிற லட்சணத்தை யாராவது எழுதுகிறீர்களா என்று கேட்டார். வைப்பர் சத்தம், சீட் பெல்ட் கழுத்தை அறுப்பது, கைக்கு எட்டாத கப் ஹோல்டர், இரண்டு வருஷத்தில் வெளுத்த பம்பர் என்று பதினொரு வருஷத்துக் குறைகளும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. வண்டி பிடிக்காதவர்கள் இல்லை அவர்கள். பிடித்த வண்டியைத் திட்டுகிறவர்களுக்கே உரிய சுகத்தோடு திட்டினார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு மூச்சு வாங்கியது. ஜப்பான்காரர் மூக்கைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் எழுதினார். மனிதர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு தெளிவு.

எல்லாம் அடங்கியதும் அவர் பத்தக்காவைக் கூப்பிட்டார். அவள் புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டு போய் நின்றாள்.

"ராடு மாத்த உத்தரவு போடற அதிகாரம் தனக்கு இல்லன்னு சொல்றார்" என்றாள் மொழிபெயர்ப்பாளர். "அவர் வரலாறு எழுதறவர். ஆனா இந்த நோட்டு நிறுவனர் ஆரம்பிச்ச பழக்கமாம். இதுல ஏறின குறைக்கு முப்பது நாளுக்குள்ள கம்பெனி பதில் சொல்லியே ஆகணும். அதுவரைக்கும் இந்த மாடல் வச்சிருக்கற எல்லாருக்கும் நீங்களே இன்னிக்குப் போன் பண்ணி, மேட்டுல நிறுத்தி டிக்கியத் திறக்காதீங்கன்னு சொல்லச் சொல்றார்."

"சொல்றேன்."

"அப்புறம், பத்து வாங்கினது பத்தி நீங்க விளக்கம் எழுத வேண்டியிருக்கும்ங்கறார். தலைமை அலுவலகம் கேக்கும். அவரால தடுக்க முடியாதாம்."

"அதையும் எழுதறேன்."

வேலை என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டாலும் இந்தச் சின்னப் பெண் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

ஜப்பான்காரர் தன் பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். அதே பழைய படிவம், அதே கட்டங்கள். தங்கை அதை மடியில் வைத்து, இடது கையில் பேனாவைப் பிடித்து, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக எழுதினாள். இன்ஜின் எட்டு. மைலேஜ் ஒன்பது. டிக்கிக் கதவுக்குத் தனிக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் பூஜ்யம் எழுதினாள். பத்தக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'மொதல்ல பத்துப் போடு' என்று நாக்கு நுனி வரை பழக்க தோஷத்தில் வந்தது. கடித்துக்கொண்டாள்.

கடைசிக் கேள்வியில் தங்கையின் பேனா நின்றது. பதினொரு வருஷமாக அந்தப் படிவத்தை நீட்டிய பத்தக்கா ஒரு தடவைகூட நின்று படிக்காத கேள்வி: 'உங்கள் சர்வீஸ் அட்வைசர் நீங்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாரா?'

தங்கை தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கோணல்மாணலாக, நிறுத்தி நிதானமாக, ஒரு பூஜ்யம் போட்டாள்.

பத்தக்காவுக்குச் சுரீரென்றது. கண் கலங்கியது. ஆனால் கை நீட்டிப் படிவத்தை வாங்கினாள். கவுண்டருக்குப் போய், படிவங்களைப் போட்டு வைக்கிற பெட்டியைத் திறந்து, அத்தனை பத்துகளுக்கும் மேலே அதை வைத்தாள். வழக்கமாகப் போடுகிற முத்திரையைப் போட்டாள். கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

திரும்பியபோது தங்கை பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள். "பசிக்குது. போன் எல்லாம் பண்ணி முடிச்சிட்டு வா. வெளிய வெயில்ல உக்காந்திருக்கேன். உள்ள குளிர் தாங்கல."

"தோ வரேன்" என்று சொல்லிவிட்டு, பத்தக்கா பட்டியலை எடுத்து முதல் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தவர் அவள் குரலைக் கேட்டதுமே சிரித்தார். "என்ன மேடம், பத்துதானே? போட்டுடறேன், போட்டுடறேன்."

"இல்ல சார்" என்றாள் அவள். "போடாதீங்க. உங்க டிக்கிக் கதவு எப்படி இருக்கு, அத மொதல்ல சொல்லுங்க. எழுதிக்கறேன்."